பூவிழிக்கு இரண்டு மாமன்கள்

ஒரு புதிர் போடுகிறேன், கேளுங்கள். ஒரு சிறுமி. அவளுக்கு இரண்டு தாய்மாமன்கள். அந்த இருவரும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளும் இல்லை. இவருடைய தங்கையை அவர் பார்த்ததே போன வருடம்தான். அவருடைய தங்கையை இவர் பார்த்ததே இல்லை, இனிமேல் பார்க்கவும் முடியாது. ஆனாலும் இரண்டு பேருமே அந்தச் சிறுமியின் அம்மாவுக்கு அண்ணன். எப்படி? அவசரப்படாமல் யோசியுங்கள். இதைத் திங்கட்கிழமை முதலாண்டு வகுப்பில் போடலாம் என்று நினைக்கிறேன். சமூகவியல் அறிமுகம், இரண்டாம் அலகு, தகுதியும் பங்கும். வகுப்பில் ஜெர்லின் மட்டும் கையைத் தூக்குவாள், "மேம், அப்ப அம்மா ரெண்டு பேரு மேம்" என்பாள், மற்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். சரிதான் ஜெர்லின், உட்கார். தகுதி என்பது சமூகத்தில் நாம் உட்காரும் இடம், பங்கு என்பது அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் செய்ய வேண்டியது என்று எத்தனையோ வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்காலியைக் காட்டி, பிறகு அதில் உட்கார்ந்து காட்டி. சில இடங்கள் பிறப்பால் வருகின்றன, சில இடங்கள் நாமாக முயன்று அடைகிறோம். டாக்டர், வக்கீல், ஆசிரியை எல்லாம் முயன்று அடைந்தவை. அக்கா, மகள், பேத்தி எல்லாம் பிறப்பால் வந்தவை. அம்மா எதில் சேரும் என்று தேர்வில் ஒருமுறை கேட்டேன். எல்லாப் பெண்களும் பிறப்பால் என்றே எழுதியிருந்தார்கள். யாருடைய பிறப்பால் என்று சிவப்பு மையில் ஓரத்தில் கேட்டு எழுதினேன், மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. இந்தப் பட்டுப்புடவை முதுகில் அரிக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே காற்றே இல்லை. கோயில் மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஒரு குடும்பம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் நடுவில் ஜமுக்காளம், ஜமுக்காளத்தில் தட்டுகள், தட்டுகளுக்கு நடுவில் காது குத்தக் காத்திருக்கும் ஒரு பிள்ளை. ஆசாரி ஒருவர்தான். அவர் வரிசையாகத் தூண் தூணாக வந்துகொண்டிருக்கிறார். ஒரு பிள்ளை வீரிட்டு அழுதால் ஆசாரி ஒரு தூண் நெருங்கிவிட்டார் என்று அர்த்தம். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். பூவிழி என் முழங்காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு கூரைக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் புறாக்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஆறு வயது. அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள்.

சித்தி என்று கூப்பிடச் சொன்னது என் நாத்தனார் லோகநாயகி அண்ணி. கல்யாணம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையை என் முன்னால் நிறுத்தி, "இது யாரு தெரியுமா? உன் சித்தி" என்றார். அதோடு முடிந்தது. யாரும் வேறு யோசனை சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சித்தி என்றால் அம்மாவின் தங்கை. நான் கோமதிக்குத் தங்கை இல்லை. கோமதி என் கணவர் மணிவாசகத்தின் முதல் மனைவி, பூவிழியைப் பெற்றவள், பிள்ளைக்கு ஒரு வயது முடியும் முன்பே காய்ச்சலில் போய்விட்டவள். ஹாலில் அவள் படம் இருக்கிறது. காலையில் விளக்கு ஏற்றும்போது அந்தப் படத்துக்குப் பூ வைப்பது நான்தான். யாரும் சொல்லவில்லை, அந்த வேலை என் கைக்கு வந்துவிட்டது. படத்தில் அவளுக்கு என்னைவிட வயது மிகக் குறைவு. ஒவ்வொரு வருடமும் இன்னும் குறைந்துகொண்டே போவாள். என்னைவிடச் சின்னவளுக்கு நான் தங்கை. சரி, ஊர் வழக்கம் அப்படி, இரண்டாவதாக வந்தவளை முதலாமவளின் தங்கை ஆக்கிவிட்டால் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும், எதையும் நகர்த்த வேண்டாம். செயல்பாட்டுக் கோட்பாடு என்று இதைத்தான் பாடத்தில் சொல்கிறோம். சமூகம் ஒரு உடம்பு மாதிரி, ஒவ்வொரு வழக்கமும் ஒரு உறுப்பு மாதிரி, உடம்பு விழாமல் நிற்க ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. எனக்கு அந்தக் கோட்பாட்டில் ஒருபோதும் மனம் ஒட்டியதில்லை. ஆனால் களைப்பாக இருக்கும் நாள்களில் அதுதான் சாய்ந்துகொள்ள வசதியாக இருக்கிறது, இந்தத் தூண் மாதிரி. "சித்தி, அந்தக் கறுப்புப் புறா பேரு காப்பி" என்கிறாள் பூவிழி. பக்கத்தில் இருப்பது? "அது டீ." அது ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறது? "அதுக்குக் காது குத்திட்டாங்க. கோவம்."

இரண்டு மாமன்களும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஜமுக்காளத்தின் இந்தப் பக்கம் என் அண்ணன் முகுந்தன். அந்தப் பக்கம் கோமதியின் அண்ணன் கதிரேசன். இரண்டு பேர் தோளிலும் புதுத் துண்டு. மாமன் மடியில் விரிப்பதற்கென்று வாங்கிய துண்டு, இன்னும் மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டு பேர் முன்னாலும் தட்டு. இரண்டு தட்டிலும் பாவாடை சட்டை, கம்மல் டப்பா, மாலை, வாழைப்பழச் சீப்பு, ஊறவைத்த அரிசியும் வெல்லமும். நேற்று வரைக்கும் இது எனக்குத் தெரியாது. காலையில் வேனுக்கு டீசல் போடும்போதுதான் மணிவாசகம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பேருகிட்டயும் மடி உங்களுதுதான்னு சொல்லிட்டேன் தமயந்தி." ஏங்க அப்படி? "கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல." இப்ப என்ன பண்றது? "அங்க போய்ப் பேசிக்கலாம். எல்லாரும் பெரிய மனுசங்கதான?" அவர் கெட்டவர் இல்லை. யாருடைய முகமும் வாடக் கூடாது என்று நினைக்கிறவர். தொலைபேசியில் இரண்டு முகமும் வாடவில்லை. அந்த வாட்டத்தையெல்லாம் சேர்த்துவைத்து இன்றைக்குக் கொண்டுவந்து இந்த ஜமுக்காளத்தில் வைத்துவிட்டார். இப்போது தேங்காய் வாங்கப் போகிறேன் என்று எழுந்து போயிருக்கிறார். தட்டில் தேங்காய் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டாவது கோட்பாடு, மோதல் கோட்பாடு. சமூகம் உடம்பு இல்லை, அது ஒரு சின்ன ஜமுக்காளம், உட்கார வந்தவர்கள் அதிகம். ஒருவருக்கு இடம் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காது. வழக்கம் என்பது கிடைத்தவர் போட்டுக்கொள்ளும் வேலி. இன்றைக்கு மடி யாருடையதோ, நாளைக்குப் பூவிழி பெரியவளாகும்போது முதல் சீர் அவருடையது, கல்யாணத்தில் முதல் மாலை அவருடையது. மற்றவர் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவலாம். முகுந்தனுக்கு அது தெரியும். போன வாரம் தொலைபேசியில் சொன்னான். "நீ அம்மாதான? அப்ப நான் தாய்மாமன்தான? இதுல என்ன சந்தேகம்? நான் இன்னைக்கு ஒதுங்கி உக்காந்தேன்னு வை, அப்புறம் அந்த வீட்ல நீ சமைக்க வந்த ஆளுதான்." அவன் கோபக்காரன் இல்லை, இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, நாளெல்லாம் பிறர் கையில் வலிக்காமல் ஊசி குத்துகிறவன். எனக்கு இனிமேல் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வாசலில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஸ்ட்ராவையும் சரியாக வைத்துக் கொடுத்தான். அவன் மடிக்கு வரக்கூடிய ஒரே பிள்ளை இது. கதிரேசனுக்கும் கூடப்பிறந்தது கோமதி ஒருத்திதான். அவருக்கு மாவு மில். இன்றைக்குக் குளித்துத் தலை வாரி வந்தும் இமையோரத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. பூவிழி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவளை முதலில் வாங்கியது அவர் கை என்று மணிவாசகம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளையை மில்லுக்குக் கூட்டிப்போவார், அவள் மூக்கு நுனியில் மாவோடு திரும்பி வருவாள். இரண்டு பேரில் யார் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும்? ஒருவர்மேலும் வரவில்லை. கோபம் வந்தாலாவது கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கதிரேசன் எழுந்து என்னிடம் வந்தார். தட்டில் மாலைக்கு அடியில் இருந்த ஒரு புடவையை எடுத்து நீட்டினார். பாசிப் பச்சை, பருத்தி. "தங்கச்சி, இது உனக்கு எடுத்தது. கோமதி இருந்தா அவளுக்கு எடுத்திருப்பேன். இப்ப அந்த எடத்துல நீதான இருக்க." கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். காது குத்தும்போது பிள்ளையின் அம்மா தன் அண்ணன் எடுத்துக் கொடுத்த புடவையைத்தான் கட்டியிருக்க வேண்டும், அது முறை. நான் கட்டியிருப்பது முகுந்தன் எடுத்தது, காப்பி நிறப் பட்டு, சித்திரை வெயிலில் பட்டு எடுக்கிறவன் என் அண்ணன். பச்சைப் புடவை என் பக்கத்தில் மடித்தபடி கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அந்த இடத்தில் நீதான் இருக்கிறாய். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார். அந்த இடம் என்று சொன்னாரே, இடத்தைத்தான் சொன்னார், என்னைச் சொல்லவில்லை. இல்லை, என்னையும் சொன்னார், தங்கச்சி என்றார். அவர் என்னைத் தங்கையாக்கிவிட்டால் என் புதிர் அவிழ்ந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே தங்கை. யார் மடியில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். ஒன்றுதானா? அப்படியென்றால் எனக்கு ஏன் ஒன்றாகத் தெரியவில்லை? பூவிழி முகுந்தன் மடியில் உட்கார வேண்டும். இந்த மண்டபத்தில் எல்லாரும் பார்க்க, லோகநாயகி அண்ணி பார்க்க, அந்தப் பிள்ளை எழுந்து போய் என் அண்ணன் மடியில் உட்கார வேண்டும். சொல்லிவிட்டேன். வகுப்பில் கோட்பாடு நடத்துகிறவள், வழக்கங்களை மேலே நின்று பார்க்கப் பழகியவள், ஒரு மடிக்காக மனசுக்குள் இப்படி உட்கார்ந்து ஏங்குகிறேன். அடுத்த தூணில் ஒரு பிள்ளை வீரிட்டது. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஓடி வந்து வாயில் வெல்லத்தைத் திணித்தாள். அழுகை பாதியில் நின்று மெல்லும் சத்தம் கேட்டது.

வேனில் வரும்போது பூவிழி என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். அவள் தன் காதுமடலைத் தடவிக்கொண்டே வந்தாள். திடீரென்று, "நான் யாரு மடியில உக்காந்தா நீ அழ மாட்ட?" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று முதலில் தோன்றியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெட்ரோல் பங்க்கில் அப்பா மெதுவாகப் பேசினால் அவளுக்குக் கேட்காதா? நான் என்ன சொன்னேன்? "உனக்கு யாரைப் பிடிக்குதோ அவங்க மடியில உக்காரு" என்றேன். ஆசிரியை மாதிரி. அது பதில் இல்லை. அவள் கேட்டது யாரைப் பிடிக்கும் என்பது இல்லை. அவள் கேட்டது நான் அழுவேனா என்று. கேள்வியைப் படிக்காமல் விடை எழுதியிருக்கிறாய் என்று எத்தனை விடைத்தாள்களில் நான் எழுதியிருப்பேன். பதில் சொன்ன பிறகும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவள் முகம் படிக்கிறவள். பேக்கரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதை அவள் பார்க்க மாட்டாள், என்னைப் பார்ப்பாள். தேங்காய் பன்னைக் காட்டி என் முகம், கிரீம் கேக்கைக் காட்டி என் முகம். எதற்கு முகம் தளர்கிறதோ அதைக் கேட்பாள். அம்மா போனபின் அத்தை வீட்டில் கொஞ்சம், மாமா வீட்டில் கொஞ்சம், அப்பாவோடு கொஞ்சம் என்று கைமாறி வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துக்கு முன்னால் முகம் படிக்க வந்துவிட்டது. மூன்றாவது கோட்பாட்டில் இது வரும். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் சைகையாலும் சொல்லாலும் முகத்தாலும் பேசிப் பேசித்தான் சமூகத்தை உண்டாக்குகிறார்கள், மேலே எங்கோ சமூகம் என்று ஒன்று தனியாக இல்லை. நாம் யார் என்பதை மற்றவர் முகத்தில்தான் பார்த்துக்கொள்கிறோம், கண்ணாடியில் பார்ப்பது போல. நான் இதை நடத்தும்போது கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடி எடுத்துக் காட்டுவேன், பெண்கள் சிரிப்பார்கள். என் முகத்தில் அவள் என்ன பார்த்தாள்? அதற்குப் பிறகு இப்போது வரைக்கும் முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டிருக்கிறேன். தாடை வலிக்கிறது. வெறும் முகமும் ஒரு முகம்தான். ஒன்றும் எழுதாத தாளைக் கொடுத்தால் பிள்ளை பயப்படும்.

ஆசாரி வந்துவிட்டார். வந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சின்ன டப்பாவைத் திறந்து ஊசிக் கம்பியை எடுத்து, நிமிராமலே, "தாய்மாமன் யாருங்க? வாங்க" என்றார். முகுந்தன் எழுந்தான். கதிரேசன் எழுந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தோளிலிருந்து துண்டை எடுத்தார்கள். ஆசாரி இப்போது நிமிர்ந்தார். "ரெண்டு பேரா?" மணிவாசகம் தேங்காயோடு திரும்பி வந்து அங்கேயே நின்றுவிட்டார். அண்ணிதான் வாயைத் திறந்தார். "ரெண்டு மாமன் இருக்கற பிள்ளைக்கு என்ன கொறச்சல்? ஒரு காதுக்கு ஒருத்தரு. வலது காது இவரு, எடது காது அவரு." ஆசாரி சிரித்தார். "ஒரு காதைக் குத்திட்டு மடி மாத்தினா அப்புறம் பிள்ளை கைக்குச் சிக்காதுங்கம்மா. அடுத்த காதுக்கு ஒட்டன்சத்திரம் வரைக்கும் தொரத்தணும்." பக்கத்துத் தூண்காரர்கள் சிரித்தார்கள். முகுந்தன் சிரிக்கவில்லை. "பெத்த எடத்துக்கு முறை இருக்குல்ல?" என்றார் கதிரேசன், குரலை உயர்த்தாமல். "வளக்கற எடத்துக்கு இல்லையாண்ணே?" என்றான் முகுந்தன், அவனும் குரலை உயர்த்தவில்லை. அண்ணே என்றும் சொன்னான். இரண்டு பேரும் நல்லவர்களாக இருப்பதுதான் தாங்கவில்லை. ஒருவர் கத்தியிருந்தால் இன்னொருவர் பக்கம் சாய்ந்திருக்கலாம். எல்லாரும் மணிவாசகத்தைப் பார்த்தார்கள். மணிவாசகம் தேங்காயைப் பார்த்தார், பிறகு சொன்னார், "பிள்ளையே சொல்லட்டும்." உடனே எல்லார் மூச்சும் இலேசானது. ஆமா, அதுதான் சரி, பிள்ளையே சொல்லட்டும், அண்ணியும் சொன்னார், ஆசாரியும் தலையாட்டினார். எங்கள் யாராலும் தூக்க முடியாத ஒன்றைத் தூக்கி ஆறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு எல்லாரும் தோளைத் தளர்த்திக்கொண்டோம். எல்லாரும் என்கிறேன், நானும்தான். அந்த ஒரு கணம் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பூவிழி எழுந்து நின்றாள். பாவாடையில் ஒட்டிய ஜமுக்காளத்து நூலைப் பிரித்து எடுத்தாள். முகுந்தனைப் பார்த்தாள். அவன் மடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான், அதன் மேல் இரண்டு கையும் வெறுமனே கிடந்தன, நாளெல்லாம் வலிக்காமல் குத்துகிற கை. கதிரேசனைப் பார்த்தாள். அவரும் உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டு, பிள்ளையைப் பார்க்காமல் தட்டில் வெல்லத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பேக்கரியில் பார்க்கிற மாதிரியே. எனக்குத் தெரியும், இப்போது நான் இமையை இந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்தால் போதும், பிள்ளை நடந்து போய் என் அண்ணன் மடியில் உட்கார்ந்துவிடும், எனக்கு வேண்டியது கிடைத்துவிடும், அவளுக்குக் காது குத்துவதற்கு முன்பே வேறு எங்கோ ஒன்று குத்தியிருப்பேன். முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டால்? அப்போதும் அவள் தேடுவாள், தேடித் தேடி நான் எங்கே ஒளித்திருக்கிறேனோ அங்கேயிருந்து எடுத்துவிடுவாள். எத்தனை வகுப்புகள், எத்தனை வரையறைகள், ஒரு பிள்ளை கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். களைப்பாக இருந்தது. மறைத்து வைப்பதற்குத்தான் இவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது, சொல்வதற்கு வேண்டியதில்லை. "இங்க வா" என்றேன். வந்தாள். "வேன்ல ஒண்ணு கேட்டல்ல?" தலையாட்டினாள். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன், மெதுவாகச் சொன்னால் அது இன்னொரு இரகசியமாகிவிடும். "முகுந்தன் மாமா மடியில உக்காந்தா எனக்கு ரொம்ப சந்தோசமா இருக்கும். நிஜமா. கதிர் மாமா மடியில உக்காந்தா எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும். ஆனா அழ மாட்டேன். ரெண்டுல எது செஞ்சாலும் சாயந்தரம் வீட்டுக்குப் போயி உனக்குத் தோசைதான் ஊத்துவேன். நாளைக்கு நான்தான் தலை பின்னி விடுவேன். அது மாறாது." அண்ணி, "பிள்ளைகிட்டப் பேசற பேச்சா இது?" என்றார். முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பூவிழி என் முகத்தில் எதையோ சரிபார்த்தாள், இந்த மூலை, அந்த மூலை. "வருத்தம்னா எவ்ளோ?" என்று கேட்டாள். "கொஞ்சம். பால் பொங்கி ஊத்திட்டா வருமே, அவ்ளோ." "தொடைச்சிரலாமா?" "தொடைச்சிரலாம்." ஆசாரி ஊசியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வெயில் ஏறுதுங்க, அங்க இன்னும் ரெண்டு வீடு இருக்கு என்றார். பூவிழி என் பக்கத்தில் கிடந்த பச்சைப் புடவையைத் தாண்டிப் போனாள். போய்க் கதிரேசன் மடியில் உட்கார்ந்தாள்.